வடிகட்டும் துணி காப்பதும் காவாததும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

தமிழ் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவன் நோய்க்கிருமிகளைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவன் அல்லேன். ஆயினும் இந்தப் பொருள் நம் வீட்டு நீர்க்குடத்தில் தொடங்குவது. நீரை வடிகட்டிப் பருகுதல் நம் இல்லங்களின் அடையாளம். அந்த வழக்கத்தைப் பற்றி இரண்டு கூற்றுகளை நான் அடிக்கடி கேட்கிறேன். "இயந்திரம் நீரைத் தூய்மை செய்து தரும் காலத்தில் குழாய் வாயில் துணி கட்டுவது எதற்கு?" என்பது இளையோர் கூற்று. "அறிவியலார் கண்டறிவதற்கு முன்பே நம் முன்னோர் கிருமிகளை அறிந்து துணி கட்டினார்கள்" என்பது மூத்தோர் கூற்று. இரண்டும் உண்மையிலிருந்து சற்று விலகியே நிற்கின்றன. அந்த இடைவெளியில்தான் சில உயிர்கள் இழக்கப்படுகின்றன என்பதால் இதனைப் பேசத் துணிந்தேன்.

முதலில் நம் முன்னோர் ஏன் வடிகட்டினர் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் தம் உடலைக் காத்துக்கொள்வதற்காக அதனைத் தொடங்கவில்லை. நீரில் வாழும் உயிர்களைக் காப்பதற்காகத் தொடங்கினார்கள். உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு ஓரறிவு முதலாகப் பகுத்தறியும் மரபு நம் அறநூல்களில் உண்டு. தொல்காப்பிய மரபியலிலும் உண்டு. நீரோடு விழுங்கப்படும் சிற்றுயிருக்கும் வாழும் உரிமை உண்டு என்னும் இரக்கமே அந்தத் துணியின் தோற்றுவாய். ஆகவேதான் வடிகட்டிய பின் துணியில் தங்கியவற்றை எறிந்துவிடாமல், நீர் எடுத்த இடத்திலேயே கொண்டு சேர்க்கும் முறையையும் வகுத்தார்கள். நோய்க்கு அஞ்சியவர்கள் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். முன்னோர்க்குக் கிருமியியல் தெரிந்திருந்தது என்று நாம் கூறுவது, அவர்களுடைய அருளுடைமையை மறைத்துவிட்டு அவர்கள் பெறாத ஒரு பட்டத்தை அவர்களுக்குச் சூட்டுவதாகும்.

கிருமிகளை மனிதன் கண்ணால் கண்டது 1670களில்தான். ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்தில் வாழ்ந்த லீவன்ஹூக் என்பவர் துணி வணிகர். அவர் தம் கையாலேயே தீட்டிய சிறு கண்ணாடி வில்லைகளின் வழியே ஏரி நீரையும் மழைநீரையும் நோக்கி, அவற்றில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் நீந்துவதைக் கண்டார். அவற்றுள் சில நோய்க்குக் காரணமாகின்றன என்று உறுதிப்பட மேலும் இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

இங்கே அளவுகளைச் சற்று மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். குளத்து நீரில் துள்ளித் திரியும் சைக்ளாப்ஸ் என்னும் சிற்றுயிர் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், அதாவது 1,000 மைக்ரான் நீளமுடையது. கூர்ந்து நோக்கினால் வெண்புள்ளியாகக் கண்ணுக்கே தெரியும். புதிய பருத்திப் புடவைத் துணியின் இழைகளுக்கு இடையே உள்ள துளை 100 முதல் 150 மைக்ரான் வரை. காலரா நோய்க்கிருமியோ 2 மைக்ரான் அளவினது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கினும் சிறியது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டால், நம் துணி எதனைத் தடுக்கும், எதனைத் தடுக்காது என்பதை எவர் துணையும் இன்றி நாமே அறிந்துகொள்ளலாம்.

துணி முழுமையாக வென்ற ஒரு நோயை முதலில் சொல்கிறேன். அது நரம்புச் சிலந்தி. இங்குள்ள முதியோர் சிலர் இப்பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த நோயின் புழு சைக்ளாப்ஸ் உடலுக்குள் குடியிருக்கும். அந்த நீரைக் குடித்தவர் வயிற்றில் சைக்ளாப்ஸ் மடியும். உள்ளிருந்த புழு குடலைத் துளைத்து உடலுக்குள் புகும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஒரு மீட்டர் வரை வளர்ந்த பெண்புழு காலில் கொப்புளத்தை உண்டாக்கி வெளிவரத் தொடங்கும். எரிச்சல் தாங்காமல் நோயாளி நீரில் காலை வைத்தவுடன் புழு ஆயிரக்கணக்கான இளம்புழுக்களை நீரில் விடும். அவற்றைச் சைக்ளாப்ஸ் உண்ணும். சுழற்சி மீண்டும் தொடங்கும். வெளிவரும் புழுவை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டராக இழுத்தெடுப்பதே பண்டு தொட்டு இருந்த மருத்துவம்.

இந்த நோய்க்கு இன்று வரை மருந்தும் இல்லை; தடுப்பூசியும் இல்லை. ஆயினும் இந்தியாவில் 1984ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40,000 பேரைத் துன்புறுத்திய அந்நோயின் கடைசி நோயாளி 1996இல் இராசத்தானில் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் நம் நாட்டை நோயற்ற நாடாக அறிவித்தது. 1986இல் உலகில் 35 இலட்சம் பேர்க்கு இருந்த நோய், 2023இல் 14 பேர்க்கு மட்டுமே இருந்தது. இதைச் சாதித்த கருவிகளுள் முதன்மையானது குடிநீரை வடிகட்டும் துணி. படிக்கிணறுகளில் இறங்கி நீர் முகப்பதை நிறுத்தியதும், நோயாளி நீர்நிலையில் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டதும் அதற்குத் துணை நின்றன. சைக்ளாப்ஸைக் கொல்லும் மருந்தும் சில இடங்களில் தெளிக்கப்பட்டது உண்மையே. ஆனால் துணி எந்த உயிரையும் கொல்லவில்லை. மனிதனையும் சைக்ளாப்ஸையும் தனித்தனியே பிரித்து நிறுத்தியது, அவ்வளவே. கொல்லாமல் நோயைத் தடுக்க இயலும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் அறியேன்.

இரண்டாவது, துணி பாதியளவு வென்ற நோய். அது காலரா. 1854இல் இலண்டன் நகரத்தின் பிராட் தெருவில் காலரா பரவி 600க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று இறந்தோரைக் கணக்கெடுத்தார். அவர்களுள் பெரும்பாலோர் ஒரே அடிகுழாயின் நீரைக் குடித்தவர்கள் என்று கண்டார். அவர் வேண்டியபடி அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் காற்றில் வருவதாக உலகம் நம்பிய காலத்தில், அது நீரில் வருகிறது என்று காட்டியவர் அவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில், நோயாளிகளின் குடலிலும் அவர்கள் புழங்கிய குளத்து நீரிலும் காற்புள்ளி வடிவான அக்கிருமியைக் கண்டு உறுதிப்படுத்தினார்.

அந்தக் கிருமி நீரில் தனித்தும் மிதக்கும். சைக்ளாப்ஸ் இனத்தைச் சேர்ந்த நுண்விலங்குகளின் மேல் ஒட்டிக்கொண்டும் வாழும். ஒரே ஒரு நுண்விலங்கின்மேல் பத்தாயிரம் கிருமிகள் வரை ஒட்டியிருக்கக்கூடும் என்று அமெரிக்க அறிவியலார் ரீட்டா கோல்வெல்லும் அவருடைய குழுவினரும் கண்டனர். விலங்கைத் துணியால் தடுத்தால் அதன்மேல் ஏறிவரும் கிருமியும் தடைப்படும் அன்றோ? வங்காளதேசத்தில் மட்லப் என்னும் பகுதியில் 65 சிற்றூர்களில், ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே மூன்றாண்டுகள் இதனைச் சோதித்தார்கள். அங்குள்ள தாய்மார் பழைய புடவையை நான்காகவோ எட்டாகவோ மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீர் முகந்தனர். பலமுறை துவைத்த துணியில் இழைகள் பிரிந்து பரந்து துளைகளை அடைப்பதால், மடித்த பழந்துணியின் துளை 20 மைக்ரான் அளவுக்குச் சுருங்கிவிடும். 2003இல் வெளிவந்த முடிவின்படி, அவ்வூர்களில் காலரா நோய் 48 விழுக்காடு குறைந்திருந்தது.

அந்தத் தாய்மார் நம் சமயத்தினர் அல்லர். நம் விரதங்களை அறிந்தவரும் அல்லர். செலவில்லாத ஒரு பழந்துணி அவர்களுடைய பிள்ளைகளைக் காத்தது. இளையோர்க்கு என் விடை இதுவே: துணி மூடநம்பிக்கை அன்று. மூத்தோர்க்கும் அதே சோதனையில் விடை இருக்கிறது: நூற்றுக்கு 48 குறைந்தது என்றால், 52 குறையவில்லை. தனித்து மிதந்த கிருமிகள் துணியைக் கடந்து சென்றன.

மூன்றாவது, துணி தடுக்கவே இயலாத நோய்கள். டைபாய்டு, மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ வைரஸ்கள், ரோட்டா வைரஸ் ஆகியவை துணியின் துளைகளில் தங்குதடையின்றி நுழைந்து செல்பவை. எனக்குத் தெரிந்த இல்லம் ஒன்றில், வடிகட்டாத நீர் ஒரு துளியும் அடுக்களைக்குள் வாராது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு டைபாய்டு கண்டது. பாட்டியார் தம் ஒழுக்கத்தில் எங்கோ பிழை நேர்ந்துவிட்டது என்று எண்ணி எண்ணி நைந்தார். பிழை அவருடையது அன்று. துணியால் இயலாத வேலையைத் துணியிடம் ஒப்படைத்திருந்தோம், அதுவே காரணம்.

அந்த வேலையைச் செய்வது கொதிநீர். நீரைக் காய்ச்சிப் பருகுவதும் நம் மரபில் உள்ளதே. நோன்பு நோற்போர் காய்ச்சிய நீரையே பருகுகின்றனர். வரிசை மட்டும் மாறலாகாது. முதலில் வடிகட்டுக, தங்கிய சிற்றுயிர்கள் தம் இடம் செல்லட்டும். பின்னர்க் காய்ச்சுக; பெருங்குமிழிகள் எழுந்து கொதித்த பின்னும் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். ஆறிய நீரை மூடி வைக்க வேண்டும். கைபடாமல் எடுக்கக் குழாய் வைத்த பானையோ நீண்ட பிடியுள்ள அகப்பையோ வேண்டும். காய்ச்சிய நீரில் கழுவாத விரல் தோய்ந்தால் காய்ச்சியதன் பயன் போயிற்று. காய்ச்சிய நீருக்கு நம் நூல்கள் காலவரம்பு வகுத்திருப்பதை அறிவீர்கள். அவர்கள் கூறிய காரணம் வேறு. எனினும் நேற்றைய நீரை நாளைக்கும் வைத்துக் குடிக்காத பழக்கம் மருத்துவ நோக்கிலும் நன்றே. வடிகட்டிய துணியையும் அலசி வெயிலில் நன்கு உலர்த்துங்கள். நாள் முழுதும் ஈரத்தோடு குழாயில் தொங்கும் துணியே கிருமிக்கு வீடாகும்.

ரோட்டா வைரஸுக்குச் சொட்டு மருந்து வடிவிலான தடுப்பு மருந்து 2016 முதல் நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. குழந்தையின் 6, 10, 14ஆம் வாரங்களில் அது தரப்படுகிறது. பேரக்குழந்தைகளுக்கு அது தரப்பட்டதா என்று தாத்தா பாட்டியரும் கேட்டறிதல் வேண்டும்.

இத்தனையும் கடந்து நோய் வந்துவிட்டால் என்ன செய்வது? இங்கே இரண்டு வங்காள மருத்துவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். முதல்வர் சம்பு நாத் தே. காலராக் கிருமி சுரக்கும் நச்சுப்பொருளே குடலிலிருந்து நீரைக் கொட்டச் செய்கிறது என்பதைக் கல்கத்தாவில் ஆய்ந்து 1959இல் வெளியிட்டார். அவருடைய ஆய்வு முயல்களின் குடலில் செய்யப்பட்டது. கொல்லாமையை நெறியாகக் கொண்ட நாம் இதனை மறைத்துப் பேசலாகாது. அவ்வுயிர்களுக்கும் நாம் கடன்பட்டவர்கள். அவற்றின் வழியே கிடைத்த அறிவை வீணடிக்காமல் மற்றோர் உயிரைக் காப்பதற்குப் பயன்படுத்துவதே நம்மால் இயன்ற கைம்மாறு.

மற்றவர் திலீப் மகலானாபிஸ். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊராகிய பன்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். அவர் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்த கரைசலைப் பெரிய கலன்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரையே கிண்ணத்தில் மொண்டு புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு, நான்கிற்கும் குறைவாக இறங்கியது. மருத்துவமனைக்கு வெளியே, படிப்பறியாத தாயின் கையாலேயே காலராவை வெல்லலாம் என்று உலகம் அன்று கற்றுக்கொண்டது.

இதன் நுட்பம் எளிது. காலரா நச்சு குடலின் நீர்வழிகளைத் திறந்துவிடுகிறது. ஆனால் சர்க்கரையையும் உப்பையும் ஒருசேர உள்ளிழுக்கும் வாயில் ஒன்று குடலில் உண்டு. அதனை நச்சு கெடுப்பதில்லை. அவ்வாயில் வழியே அவை இரண்டும் உட்செல்ல, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. வெறும் நீர் மட்டும் கொடுத்தால் இது நிகழாது. கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, உறையில் குறித்துள்ள அளவு நீரில் முழுவதையும் ஒரே முறையாகக் கரைக்க வேண்டும். பொட்டலம் கிட்டாதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு மிகலாகாது. ஒரு நாளைக்கு மேல் அக்கரைசலை வைத்திருக்க வேண்டா. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக மருந்து எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார். கண் குழிவிழுதல், சிறுநீர் பிரியாமை, சோர்ந்து மயங்குதல், குடிக்க இயலாமை, மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இந்த அவையில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். நம் இல்லங்களில் இரவுண்ணாமை நோன்பு உண்டு. கதிரவன் மறைந்தபின் நீரும் அருந்தாதார் உண்டு. அந்த உறுதியை நான் போற்றுகிறேன். ஆனால் வயிற்றுப்போக்கு கதிரவனைப் பார்த்து நிற்பதில்லை. சிறு குழந்தையின் உடல்நீர் ஓரிரவில் வற்றிவிடும். நோன்பு ஏற்றவர் பெரியவர்; குழந்தை எந்த நோன்பும் ஏற்கவில்லை. நோயுற்ற குழந்தைக்கு நள்ளிரவிலும் கரைசல் புகட்டத் தயங்கலாகாது. உயிரிரக்கத்திலிருந்து பிறந்த ஒரு நெறி, மடியில் கிடக்கும் உயிரைக் கைவிடச் சொல்லாது. நெடிய உபவாசத்தில் இருக்கும் பெரியோர்க்குப் பேதி கண்டால், அதனை மறைக்காமல் நோன்பு அளித்த துறவியாரிடமும் மருத்துவரிடமும் உடனே தெரிவிப்பது குடும்பத்தார் கடமை.

இறுதியாக, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைப் பற்றி ஒரு சொல். மருந்தட்டையின் மேல் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டின்றி வாங்கலாகாத மருந்து என்று பொருள். சளிக்கும் குழந்தைகளின் பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கும் காரணம் வைரஸ். அம்மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. அது செய்வதெல்லாம் நம் குடலில் நமக்குத் தீங்கின்றி, உணவு செரிக்கத் துணையாய் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களை அழிப்பதும், எஞ்சியவற்றுக்கு மருந்தை எதிர்க்கும் வலிமையைப் பழக்குவதுமே. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார். 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஐவகை மருந்துகளுக்கும் அடங்காத டைபாய்டு பரவியது. வாயால் உட்கொள்ளும் மருந்துகளில் ஒன்றே பெரிதும் எஞ்சி நின்றது. அங்கும் நோய் கழிவுநீர் கலந்த குடிநீரில்தான் வந்தது. டைபாய்டு, கடுங்காலரா போன்றவற்றுக்கு அம்மருந்து தேவை. மருத்துவர் தரும்போது அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை உட்கொள்ள வேண்டும். தேவையின்றி உட்கொள்வது தேவையின்றிச் செய்யும் கொலை. இதனை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அறக்கட்டளையினர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவின்போது அன்னதானக் கூடத்தில் வடிகட்டிக் காய்ச்சிய நீரைக் குழாய் வைத்த கலன்களில் வையுங்கள். கை கழுவும் இடத்தில் சோப்பு வையுங்கள். பரிமாறுவோர் கை கழுவிய பின்னரே கரண்டியைத் தொடட்டும். முதலுதவிப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இருக்கட்டும். இவற்றுக்கு ஆகும் பொருள் பந்தலுக்கு ஆகும் பொருளில் ஒரு சிறு பகுதி.

இல்லத்தரசியர்க்கும் இல்லத்தரசர்க்கும் சொல்ல விரும்புவது: துணியை அவிழ்த்துவிடாதீர்கள், அது நம் முன்னோரின் இரக்கம். அதன் பக்கத்தில் அடுப்பையும் சோப்பையும் கரைசல் பொட்டலத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த இரக்கம் சேர வேண்டிய வழி அது.